கம்பெனியைக் கம்பெனி வாங்கும் காலத்தில் கேம் கன்சோல் வாங்குவது எப்படி

பாலக்காட்டில் ஓணம் ஆஃபர் போர்டு ஏறும்போதும் கோயம்புத்தூரில் தீபாவளி ஆஃபர் போர்டு ஏறும்போதும் கேரள எல்லையோரத்து எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பையன்கள் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, பிஎஸ் 5 எடுக்கட்டுமா, எக்ஸ்பாக்ஸ் எடுக்கட்டுமா? மைக்ரோசாஃப்ட்காரன் எல்லாரையும் வாங்கிட்டானாமே, சோனி கதை முடிஞ்சுதாமே?"

பிஎஸ் 5 என்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாஃப்ட்டுடையது, ரெண்டும் டிவியில் மாட்டி ஆடுகிற கேம் கன்சோல், நான் பெட்டி என்பது இதைத்தான். முதல் கேள்விக்குப் பதில் கடையிலேயே கிடைத்துவிடும். ரெண்டாவது கேள்வியில்தான் பணம் போகிறது. யூடியூபில் எவனோ கத்தியதை நம்பி ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியை எடுத்துவிட்டு, எந்தக் கேமுக்காக அதை எடுத்தோமோ அந்தக் கேம் ரெண்டு வருஷத்தில் எதிர்க் கம்பெனிப் பெட்டியிலும் வந்து நிற்பதைப் பார்த்து வயிறெரிகிற ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். அதனால் இந்த வாங்கல் விற்றல் செய்திகளை எப்படிப் படிப்பது, படித்ததை வைத்து எப்படி வாங்குவது என்று எழுதுகிறேன்.

முதலில், செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். "வாங்கப் போகிறோம்" என்று அறிவிக்கும் நாள் வேறு, வாங்கி முடிக்கும் நாள் வேறு, நடுவில் ஊர்ப்பட்ட அரசாங்கங்கள் நிற்கும். ஆக்டிவிஷன் பிளிசார்டு என்ற கேம் கம்பெனியை 6,870 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2022 ஜனவரி 18 அன்று. அன்றைய மதிப்பில் ஐந்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமும் நம் வீட்டு அம்மாக்கள் ஆடுகிற கேண்டி க்ரஷ்ஷும் அதில் அடக்கம். டீல் முடிந்தது 2023 அக்டோபர் 13 அன்று. இடையில் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் தொழில் போட்டியைக் கண்காணிக்கும் எஃப்டிசி வழக்குப் போட்டது, 2023 ஏப்ரலில் பிரிட்டனில் அதே வேலை பார்க்கும் சிஎம்ஏ முடியவே முடியாது என்றது, மே மாசம் ஐரோப்பிய யூனியன் நிபந்தனையோடு சரி என்றது, ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிபதி எஃப்டிசி கேட்ட தடையைத் தர மறுத்தார். கடைசியில் பிரிட்டனைச் சமாதானப்படுத்த, ஆக்டிவிஷன் கேம்களை கிளவுடில், அதாவது நெட் வழியாக, ஓட்டும் உரிமையை 15 வருஷத்துக்கு யுபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. அறிவிப்பு வந்த வாரமே "இனி எக்ஸ்பாக்ஸ்தான்" என்று ஓடிப்போய் வாங்கியவருக்கு அந்த இருபத்தோரு மாசமும் ஒரு புதுக் கேம்கூட அதனால் கிடைக்கவில்லை.

டீல் நடக்குமா நடக்காதா என்று ஜோசியம் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஷேர் ஒன்றுக்கு 95 டாலர் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொன்ன அன்றைக்கு ஆக்டிவிஷன் ஷேர் சந்தையில் முடிந்தது 82 டாலர் சொச்சத்தில். 95 கட்டாயம் வரும் என்றால் எவனாவது 82க்கு விற்பானா? அந்த 13 டாலர் இடைவெளிதான் சந்தேகத்தின் அளவு. இடைவெளி குறையக் குறைய டீல் பக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிஎம்ஏ தடை சொன்ன அன்று ஷேர் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. போனில் தேடினால் இந்த ரெண்டு நம்பரும் ஒரு நிமிஷத்தில் கிடைக்கும். எந்த ரசிகர் சண்டையையும்விட இது நம்பத் தகுந்தது, ஏனென்றால் அங்கே பேசுகிறவர்கள் தங்கள் பணத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

அடுத்தது, முதலாளி யார் என்பதைவிட ஒப்பந்தம் என்ன என்று பாருங்கள். நான் சொல்ல வந்ததே முக்கியமாக இதுதான். நம் ஊரில் ஒருத்தர் தென்னந்தோப்பை விலைக்கு வாங்கினாலும், பழைய சொந்தக்காரர் கள்ளுக்குக் குத்தகை விட்டிருந்தால் அந்தத் தவணை முடியும்வரை மரம் ஏறுகிறவர் பழைய ஆள்தான். கேமும் அப்படித்தான். பெதஸ்டா என்ற கேம் கம்பெனியின் தாய்க் கம்பெனி ஜெனிமேக்ஸை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் 2020 செப்டம்பரில் அறிவித்து 2021 மார்ச்சில் முடித்தது. ஆனால் பெதஸ்டாவின் டெத்லூப், கோஸ்ட்வயர் டோக்கியோ என்ற ரெண்டு கேமும் முதலில் சோனிக்கு என்று அதற்கு முன்பே பேசி முடிந்திருந்தது. அதனால் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கேம்கள் ஒரு வருஷம் சோனிப் பெட்டியில் ஓடி முடித்த பிறகுதான் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தன. பழைய ஒப்பந்தம் இல்லாத இன்னொரு பெதஸ்டா கேமான ஸ்டார்ஃபீல்டு, 2023 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸிலும் பிசியிலும் மட்டும் இறங்கியது. முதலாளி ஒருவர்தான், முடிவு ரெண்டு விதம்.

2014இல் மைன்கிராஃப்ட் கேமை எடுத்த மோஜாங் கம்பெனியை 250 கோடி டாலருக்கு அதே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மைன்கிராஃப்ட் இன்றைக்கும் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. எல்லாரும் ஆடுகிறதால்தான் அதற்கு மதிப்பு, ஒரு பெட்டிக்குள் அடைத்தால் மதிப்பு போய்விடும். கால் ஆஃப் டியூட்டி விஷயமும் இதுதான். 2023 பிப்ரவரியில், ஸ்விட்ச் என்ற பெட்டி செய்யும் நிண்டெண்டோவோடும் ஜூலையில் சோனியோடும் பத்துப் பத்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். அதாவது இப்போதுள்ள பெட்டி மட்டுமல்ல, அடுத்த தலைமுறைப் பெட்டி வரைக்கும் சோனிக்காரருக்குக் கவலை இல்லை. ஆகவே யாராவது "அந்தக் கம்பெனியை இவன் வாங்கிட்டான்" என்றால் நீங்கள் கேட்க வேண்டியது: ஏற்கெனவே யாரோடு எழுத்து இருக்கிறது, எத்தனை வருஷத்துக்கு, அது ஆன்லைனில் கூட்டமாக ஆடுகிற கேமா, தனியாக உட்கார்ந்து ஆடுகிற கதைக் கேமா? கூட்டமாக ஆடுகிற கேமைப் பூட்டி வைக்க மனசு வராது. கதைக் கேம் என்றால் பூட்டு விழலாம், ஆனால் அந்தப் பூட்டும் இப்போது நிரந்தரம் இல்லை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது, முதலாளிகள் மேடையில் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், கோர்ட்டில் வெளியான பேப்பரைப் பாருங்கள். 2023 ஜூனில் நடந்த எஃப்டிசி விசாரணை இந்த விஷயத்தில் பெரிய விருந்து. ஆக்டிவிஷன் போனால் கால் ஆஃப் டியூட்டியும் கையை விட்டுப் போகும் என்று வெளியே சண்டை போட்ட, அப்போது சோனியின் பிளேஸ்டேஷன் தலைவராக இருந்த ஜிம் ரையன், டீல் அறிவித்த நாட்களில் ஒரு மெயிலில், அந்தக் கேம் இன்னும் பல வருஷம் பிளேஸ்டேஷனில் வரும் என்று நம்பிக்கையாக எழுதியிருந்தது அங்கே வெளியானது. அந்தப் பக்கமும் யோக்கியமில்லை. பணத்தைக் கொட்டியே சோனியைத் தொழிலை விட்டு விரட்ட முடியும் என்று எக்ஸ்பாக்ஸ் அதிகாரி மேட் பூட்டி 2019இல் எழுதிய மெயிலும் வெளியே வந்தது. அதே மைக்ரோசாஃப்ட் கோர்ட்டில் போய், கன்சோல் போட்டியில் நாங்கள் தோற்றுப்போன மூன்றாவது ஆள் என்று வாதாடியது. தோற்றுப்போனதாகச் சொல்லி ஜெயிக்கப் பார்க்கிற வக்கீல் வேலை இந்தத் தொழிலில் அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது கறுப்பு மார்க்கர் சமாச்சாரம். சோனி கொடுத்த ஒரு ஆவணத்தில் ரகசிய எண்களை மார்க்கர் பேனாவால் தீட்டி மறைத்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் கறுப்பு மைக்கு அடியில் எழுத்து அப்படியே தெரிந்தது! சோனியின் சொந்தக் கேம்களில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலர் செலவு. இந்த ரெண்டு எண்ணையும் மனசில் வையுங்கள். ஒரு கேம் எடுக்கவே இவ்வளவு என்றால் ஒரே ஒரு பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் விற்று அந்தப் பணத்தை எடுப்பது கஷ்டம். எதிரிப் பெட்டியிலும் விற்றால்தான் தேறும். கடந்த சில வருஷ நடப்பெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

எப்படி என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய நாலு கேம்களை மற்றப் பெட்டிகளுக்கு அனுப்புவதாகச் சொன்னது, ஹை-ஃபை ரஷ், சீ ஆஃப் தீவ்ஸ் எல்லாம் அதில் வரும். 2024 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் 2025 ஏப்ரலில் பிஎஸ் 5க்கு வந்தது. அதே மாசம் ஃபோர்ஸா ஹொரைசன் 5 வந்தது. ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வார் வந்தது. கடைசியில் எக்ஸ்பாக்ஸின் குலதெய்வமான ஹேலோவே பிஎஸ் 5க்கு வரும் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். ஐந்து லட்சம் கோடி செலவழித்துக் கம்பெனியை வாங்கியவன் கேமை எதிராளி வீட்டுக்கே கொண்டுபோய் விற்கிறான் என்றால், "எந்தக் கேம் யாருக்கு" என்பதை வைத்து எக்ஸ்பாக்ஸ் வாங்கும் காரணம் பாதிக்கு மேல் போய்விட்டது. இது என் அபிப்பிராயம், எக்ஸ்பாக்ஸ் அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாசச் சந்தா கட்டி நிறையக் கேம் ஆடுகிற கேம் பாஸ் என்ற காரணம் மிச்சம் இருக்கிறது. 2024இல் கால் ஆஃப் டியூட்டி வரிசையில் பிளாக் ஆப்ஸ் 6 வந்த அன்றே அதில் கிடைத்தது உண்மை, ஆனால் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அதன் அல்டிமேட் சந்தாவை 19.99 டாலரிலிருந்து 29.99க்கு ஏற்றினார்கள். மாசச் சந்தாவை நம்பிப் பெட்டி வாங்குகிறவர்கள், இன்றைய சந்தா நாளைக்கும் இருக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாங்குங்கள்.

பெரிய கம்பெனியால் வாங்கப்பட்ட ஸ்டுடியோவின், அதாவது கேம் எடுக்கிற கம்பெனியின், அடுத்த கேமுக்காக ஒருபோதும் பெட்டி வாங்காதீர்கள். 2024 மே மாசம் மைக்ரோசாஃப்ட் ஆர்க்கேன் ஆஸ்டினையும் டாங்கோ கேம்வொர்க்ஸையும் மூடுவதாகச் சொன்னது, ரெண்டும் பெதஸ்டாவோடு வந்தவை. டாங்கோ அப்போதுதான் ஹை-ஃபை ரஷ் எடுத்து நல்ல பெயர் வாங்கியிருந்தது. அதை எடுத்துக் காப்பாற்றியது நம் பையன்களுக்கு பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேம் மூலம் தெரிந்த கொரியக் கம்பெனி க்ராஃப்டன். சோனி பக்கம் நிலைமை இதைவிட மோசம். 360 கோடி டாலருக்கு பங்கி என்ற ஸ்டுடியோவை 2022இல் வாங்கி, 2024இல் அங்கே 220 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃபயர்வாக் என்ற ஸ்டுடியோவை 2023இல் வாங்கி 2024 ஆகஸ்ட் 23 அன்று கான்கார்டு என்ற கேமை இறக்கினார்கள், செப்டம்பர் 6 அன்று சர்வரை அணைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அடுத்த மாசமே ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள். கேம் பணம் திரும்பி வரும், அந்தக் கேமுக்காக வாங்கின பெட்டியின் பணத்தை யார் தருவார்?

இது புதுசும் இல்லை. 2002இல் ரேர் ஸ்டுடியோவை 37.5 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அது எடுத்த குரங்குக் கேமான டாங்கி காங்கும் கூடவே வரும் என்று நினைத்தவர்கள் உண்டு, அந்தக் குரங்கு நிண்டெண்டோவிடமே தங்கிவிட்டது. பிளேஸ்டேஷன் பிறந்ததே ஒரு முறிந்த கூட்டிலிருந்துதான். 1991இல் சோனி நிண்டெண்டோவோடு சேர்ந்து சிடி பெட்டி செய்வதாக அறிவித்த மறுநாள், பிலிப்ஸோடு போவதாக நிண்டெண்டோ சொல்லிவிட்டது. அந்த வைராக்கியத்தில் கென் குதராகி செய்த பெட்டி 1994 டிசம்பரில் ஜப்பானில் இறங்கியது. அப்புறம் சேகா என்ற ஜப்பான் கம்பெனி, 2001 ஜனவரியில் தன் ட்ரீம்காஸ்ட் பெட்டியை நிறுத்துவதாக அறிவித்து, பெட்டித் தொழிலையே விட்டுவிட்டு எதிரிகளின் பெட்டிக்குக் கேம் எழுத ஆரம்பித்தது. ட்ரீம்காஸ்ட் வாங்கிவைத்தவர்களின் பெட்டி ஒன்றும் ஓடாமல் போகவில்லை, கையிலிருந்த டிஸ்க்கெல்லாம் ஓடியது. அதனால்தான் நான் டிஸ்க் கட்சி.

இப்போது பார்க்க வேண்டியது ஃபுட்பால் கேம் எடுக்கிற அமெரிக்கக் கம்பெனி இஏவின் விவகாரம். 2025 செப்டம்பர் 29 அன்று சவூதி அரசின் முதலீட்டு நிதியான பிஐஎஃப், முதலீட்டுக் கம்பெனிகளான சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் மூன்றும் சேர்ந்து இஏவை 5,500 கோடி டாலருக்கு எடுப்பதாக அறிவித்தார்கள், அதில் 2,000 கோடி டாலர் கடன். ஃபுட்பால் கேம் ஆடுகிற மலப்புறம், பாலக்காட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இது சம்பந்தப்பட்ட செய்தி. வாங்குகிறவர்கள் யாரிடமும் சொந்தப் பெட்டி கிடையாது, அதனால் அந்தக் கேமை ஒரு பெட்டியில் பூட்டுவதில் அவர்களுக்கு லாபம் இல்லை. பயப்பட வேண்டியது கடனுக்கு. வட்டி கட்ட வேண்டுமென்றால் ஆட்களைக் குறைப்பார்கள், இல்லையென்றால் கேமுக்குள் பணம் கறக்கும் வழியைக் கூட்டுவார்கள் என்பது என் ஊகம். ஆகவே இஏ செய்தியை வைத்துப் பெட்டியை மாற்ற வேண்டாம், வீட்டில் பையன் கார்டு எண்ணைப் போட்டு வைத்திருக்கிறானா என்று மட்டும் பாருங்கள்.

சரி, இனி கடைக்குப் போவோம்.

பாலக்காடா, கோயம்புத்தூரா என்று கேட்பார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ரெண்டு பக்கமும் ஒரே வரி, வாளையாறு தாண்டினால் மலிவு என்கிற பழைய கணக்கு செல்லாது. நடுவில் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்காக ஒரு சதவீதப் பிரளய செஸ் என்ற கூடுதல் வரி இருந்தது. பிஎஸ் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தபோது அதற்காகவே கோயம்புத்தூர் உக்கடத்துக்குப் பஸ் ஏறியவர்கள் உண்டு. இன்றைக்கு அது இல்லை. ஆகையால் ஆஃபரையும் பஸ் காசையும் மட்டும் பாருங்கள். எங்களுக்கு ஒரு வசதி, ஓணத்துக்கு அந்தப் பக்கம் தள்ளுபடி, தீபாவளிக்கு இந்தப் பக்கம் தள்ளுபடி, ஒன்றில் விட்டால் இன்னொன்று. ஆனால் "அடுத்த வருஷம் விலை இறங்கும்" என்று மட்டும் காத்திருக்காதீர்கள். முன்பெல்லாம் பெட்டி பழசாகப் பழசாக விலை இறங்கும், இந்தத் தலைமுறையில் தலைகீழ். 2025இல் அமெரிக்காவிலேயே எக்ஸ்பாக்ஸும் பிஎஸ் 5ம் ஏறின.

டிஸ்க் போடுகிற பெட்டியா, போடாத பெட்டியா? கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் டிஸ்க் பெட்டிதான் என்பேன். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் வழியே கிடையாது. டிஜிட்டல் மட்டும் என்றால் கேமின் விலையைக் கம்பெனிக் கடை ஒன்றே தீர்மானிக்கும், ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும்போது பின்பக்கத்தை டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகிற கீறல் பெரும்பாலும் பரவாயில்லை, வட்டத்தோடு வளைந்து ஓடுகிற கீறல்தான் ஆளைக் கொல்லும். நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பெட்டியைத் திறந்து டிஸ்க்தான் இருக்கிறதா, டவுன்லோடு செய்வதற்கான ரகசிய எண் (code) எழுதின வெறும் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டு என்றால் முதல் ஆளோடு அதன் ஆயுள் முடிந்தது.

கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவருகிற பெட்டி பற்றி. டிஸ்க் ஓடும், கரண்டும் ஒத்துக்கொள்ளும், ப்ளக் மட்டும் மூன்று கட்டை முனை. பிஎஸ் 5 வயர் எட்டு வடிவ முனை உள்ள சாதாரண வயர்தான், இங்கே எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இந்திய வாரண்டியை எதிர்பார்க்க வேண்டாம். பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கும்போது நாடு எது என்று கேட்கும், அதை அப்புறம் மாற்ற முடியாது, மாமா துபாய் என்று போட்டுத் தொடங்கிக் கொடுத்தால் அது துபாய்க் கணக்குத்தான். துபாய் டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் அந்தக் கேமின் கூடுதல் பகுதி வாங்கினாலும் பல சமயம் சேராது. நிண்டெண்டோ ஸ்விட்ச் இங்கே முறையாக விற்பனைக்கே வரவில்லை, கடையில் பார்ப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு, ரிப்பேர் என்றால் கடை அண்ணனும் நீங்களும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாசத்தில் கொண்டுவந்து கொட்டுகிற புழுதி முழுவதும் அந்த ஃபேன் வழியாக உள்ளே போகும். முதல் நாளே சிஸ்டம் அப்டேட், கேம் அப்டேட் என்று ஜிபி கணக்கில் கேட்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்ப வேண்டாம், வீட்டில் ஃபைபர் இல்லையென்றால் ஒரு ராத்திரி அதற்கே ஒதுக்குங்கள். பிஎஸ் 5 ஸ்லிம்முக்கு டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டுகிறீர்கள் என்றால் முதல் தடவை அதற்கும் நெட் வேண்டும்.

பில் உங்கள் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும். அதில் உள்ள சீரியல் நம்பரும் பெட்டிமேல் ஒட்டியதும் கன்சோலின் உடம்பில் இருப்பதும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே பிரித்து ஒத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். வேலந்தாவளம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.